முப்பத்தொன்பது

தூசி வரும் வேகத்தை
அடைக்கலத்துக்கு இப்படிச் சொன்னேன்:
காரைக்குடியில் கண்ணை மூடுங்கள்,
தேவகோட்டையில் திறங்கள்.
ஒரு நொடி.
அவர் சிரித்தார்.
"நம்ம பஸ்சுக்கு முக்கால் மணி நேரம் மேடம்,
அதுவும் கண்டக்டர் மனசு வச்சா."

அந்த வேகத்தில் வந்து மோதினால்
எதுவும் தன் பெயரை மறைக்க முடியாது.
வால்வெள்ளி உதிர்த்ததோ,
எங்கோ ஒரு சூரியன் அணையும்போது துப்பியதோ,
தட்டில் பட்டதும் ஆவியாகி
அணு அணுவாய்ப் பிரிந்து குழாய்க்குள் ஓடும்.
லேசானது முந்தும்.
கனமானது பிந்தும்.
வந்து சேர்ந்த நேரம்தான் எடை.
எடைதான் பெயர்.
கருவி என்று பெரிதாய்ச் சொல்கிறோம்;
வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு
நேரம் குறிக்கும் வாட்ச்மேன், அவ்வளவுதான்.

தட்டுக்குத் தங்கம் பூசுவது என் வேலை.
பதினாறு சென்டிமீட்டர் வட்டம்,
மூன்று மைக்ரான் கனம்.
மின்னோட்டம் கொஞ்சம் கூடினால்
ஓரத்தில் தொடங்கிக் கருகும், தோசையைப் போல.
செக்காலையில் இருக்கும் என் நாத்தனார்
எத்தனை பவுன் என்று கேட்டாள்.
கால் பவுன்கூட இல்லை என்றேன்.
"இதுக்கா நாலு வருஷம்?"

எங்களிடம் தூசியைச் சுடும் துப்பாக்கி இல்லை.
லேசரால் தட்டைக் குத்திப் பார்ப்போம்.
சித்திரை மாதம், ஏசி முனகும் மத்தியானம்,
திரையில் எழுந்தது தங்கம், நூற்றுத் தொண்ணூற்றேழு,
நெட்டையாய், ஒற்றையாய்.
அதற்கு வெகு முன்னால்
அழைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தது
முப்பத்தொன்பது.
பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தம்பி மாதிரி, நாற்பத்தொன்று.

பொட்டாசியம்.
வியர்வையிலும் உண்டு. சாம்பலிலும் உண்டு.

நான் அடைக்கலத்தின் நெற்றியைப் பார்த்தேன்.

மூன்று பட்டை, காலையில் பூசியது.
உள்ளே வரும்போது துடைத்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார்.
துடைத்தால் போதாது என்றேன்.
போதாது என்று சொன்ன குரல்
இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.
மறுநாள் வெறும் நெற்றியோடு வந்தார்.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் கேன்டீனில் யாரோ
வீட்டில் ஏதும் விசேஷமா, துக்கமா என்று விசாரித்தார்கள்.
அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

முப்பத்தொன்பது போகவில்லை.

நாலாம் நாள் ராத்திரி
கலனின் மூடியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பதினெட்டுத் திருகு. ரப்பர் வளையம்.
வளையம் உட்காரும் பள்ளத்துக்குச் சற்று மேலே,
விளிம்பின் அடியில், டார்ச் வெளிச்சத்தில்
வெள்ளையாய் ஒரு கீற்று.
மூன்று விரல் அகலம்.
என் மூன்று விரல்.

போன ஆயுத பூஜை.
எல்லோரும் பொரிக்கும் சுண்டலுக்கும் வெளியே போயிருந்தார்கள்.
எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை என்று
சொல்லிக்கொண்டு திரிகிறவள்,
பம்ப் ஓடும் சத்தத்தில், ஒருத்தரும் பார்க்காதபோது,
தட்டிலிருந்து எடுத்துப் பூசிவிட்டு
கையை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டவள்.
ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும்
கையுறையில் ஏறி உள்ளே போயிருக்கிறது.

நாமெல்லாம் நட்சத்திரத் தூசி என்று
இந்த இடத்தில் யாராவது மேடையில் சொல்வார்கள்.
நான் சொல்லவில்லை.
ஆல்கஹால் ஊற்றி ஏழு தடவை துடைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
மாசின் மூலம், நான்.

காலையில் அடைக்கலத்திடம் ஏட்டை நீட்டினேன்.
படித்தார். இரண்டு தடவை.
"அப்ப மிஷின் நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."
அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசவில்லை.
அது எனக்குரிய அரைமணி நேரம்.

சுத்தமாய்ப் போகவில்லை.
கடைசிச் சோதனையிலும் இரைச்சலுக்குச் சற்று மேலே
ஒரு சின்ன மேடு.
அறிக்கையில் மறைக்காமல் கொடுத்தோம்.
பத்து வருஷம் கழித்து
செவ்வாய்க்கு அந்தப் பக்கம் ஏதாவது வந்து மோதும்போது
கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் இதைக் கழிப்பார்கள்.

"எவ்வளவு கழிப்பாங்க?"

கோடிக்கு நாலு.

அடைக்கலம் திருகுகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டார்.
நெற்றியில் இன்று பட்டை இருந்தது; துடைத்த தடமாக.
"எழுதி வச்சுட்டோம்ல," என்றார்,
"அப்புறம் கழிச்சா என்ன."
பதினெட்டு சரியாக இருந்தது.